எலும்புத்தசை இழைச் சவ்வின் மின் செயற்பாட்டுக் கணினி மாதிரி

எலும்புத்தசை இழைச் சவ்வின் மின் செயற்பாட்டுக் கணினி மாதிரி என்பது, எலும்புத்தசையின் தனி இழையைச் சூழ்ந்துள்ள சவ்வில் ஏற்படும் மின்னழுத்த மாற்றங்களையும், அச்சவ்வின் ஊடாகப் பாயும் அயனி மின்னோட்டங்களையும் வகையீட்டுச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றைக் கணினியின் துணையுடன் தீர்த்து ஆராயும் முறையாகும். நரம்பு வழியாக வரும் கட்டளை தசையிழையின் மேற்பரப்பில் ஒரு செயல் மின்னழுத்தமாகப் பரவி, பின்னர் இழையின் உட்பகுதியை அடைந்தால் மட்டுமே தசை சுருங்கும். இந்நிகழ்வு சில மில்லிநொடிகளில் முடிந்துவிடுகின்றது. அதன் முதன்மையான பகுதி, சில பத்து நானோமீட்டர் மட்டுமே விட்டம் கொண்ட நுண்குழல்களுக்குள் நடைபெறுகின்றது. எந்த நுண்மின்வாயையும் அக்குழல்களுக்குள் செலுத்த இயலாது. அங்கு நடப்பதை அளப்பதைவிடக் கணக்கிடுவது எளிது என்பதே இம்மாதிரிகள் தோன்றியதற்கு முதற் காரணம். தசை விறைப்பு நோய்கள் சிலவற்றின் காரணம் தெளிவானதில் இக்கணக்கீடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அடிப்படை

ஓய்வில் உள்ள தசையிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட்டு எதிர்மின் தன்மை உடையது. இழைக்குள் பொட்டாசியம் அயனிகள் மிகுதியாகவும் (லிட்டருக்கு ஏறத்தாழ 150 மில்லிமோல்), வெளியே குறைவாகவும் (ஏறத்தாழ 4 மில்லிமோல்) உள்ளன. சோடியத்தின் பரவல் இதற்கு நேர்மாறானது. இந்த ஏற்றத்தாழ்வைச் சோடியம்-பொட்டாசியம் ஏற்றி இடைவிடாது பேணுகின்றது.

மின்னியல் நோக்கில் சவ்வை ஒரு மின்தேக்கியாகவும், அதற்கு இணையாக இணைக்கப்பட்ட பல மின்தடைகளாகவும் கருதலாம். சவ்வின் கொழுப்புப் படலம் மின்தேக்கி ஆகும். அதில் பதிந்துள்ள அயனிக் கால்வாய்கள் மின்தடைகள். ஒவ்வொரு வகைக் கால்வாய்க்கும் தொடராக ஒரு மின்கலம் இருப்பதாகக் கொள்ள வேண்டும். அதன் மின்னழுத்தத்தை அந்தந்த அயனியின் உட்செறிவும் வெளிச்செறிவும் தீர்மானிக்கின்றன. மேற்கூறிய செறிவுகளுக்குப் பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் உடல் வெப்பநிலையில் ஏறத்தாழ -97 மில்லிவோல்ட்டு ஆகும். ஓய்வு நிலை மின்னழுத்தம் இதற்கு அருகில் இருப்பது தற்செயலன்று. ஓய்வு நிலையில் திறந்திருப்பவை பெரும்பாலும் பொட்டாசியம் கால்வாய்களும் குளோரைடு கால்வாய்களுமே. குளோரைடு தன் சமநிலையை ஓய்வு மின்னழுத்தத்தை ஒட்டியே அமைத்துக்கொள்கின்றது.

சவ்வைக் கடக்கும் மொத்த மின்னோட்டம், மின்தேக்கியில் சேரும் மின்னோட்டத்தையும் அயனி மின்னோட்டங்கள் அனைத்தையும் கூட்டினால் கிடைக்கும். எல்லா மாதிரிகளுக்கும் அடிப்படை இந்த ஒரே சமன்பாடுதான். மாதிரிகள் வேறுபடுவது, எந்தெந்த அயனிக் கால்வாய்களைச் சேர்க்கின்றன, அவை எவ்வாறு திறந்து மூடுகின்றன என்று கொள்கின்றன, சவ்வின் வடிவத்தை எவ்வளவு விரிவாக எழுதுகின்றன என்பவற்றில்தான்.

ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி சமன்பாடுகள்

ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஆகிய இருவரும் கணவாய் மீனின் பெரும் நரம்பிழையை ஆராய்ந்து 1952இல் வெளியிட்ட சமன்பாடுகளே இத்துறையின் தோற்றுவாய். இப்பணிக்காக அவர்கள் 1963இல் ஜான் எக்கிள்சுடன் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சவ்வின் மின்னழுத்தத்தை மின்சுற்று ஒன்றின் உதவியால் விரும்பிய அளவில் நிலைநிறுத்தி, அப்போது பாயும் மின்னோட்டத்தை அவர்கள் அளந்தனர். சோடியம் கால்வாயில் விரைந்து திறக்கும் மூன்று ஒத்த கதவுகளும், மெதுவாக மூடும் ஒரு கதவும் இருப்பதைப் போலவும், பொட்டாசியம் கால்வாயில் நான்கு ஒத்த கதவுகள் இருப்பதைப் போலவும் கொண்டால் அளவீடுகள் பொருந்தின. சோடியம் கால்வாயின் மெதுவாக மூடும் கதவு பின்னர் தசை நோய்களின் கதையில் முதன்மை இடம் பெறுகின்றது.

கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினி அவ்வேளையில் மாற்றியமைக்கப்பட்டுக்கொண்டிருந்ததால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் பிரன்சுவிகா கணிப்பொறியைக் கொண்டே செயல் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கணக்கிட்டார். எனவே இத்துறையின் முதற் கணக்கீடு மின்னணுக் கணினி இன்றியே நிகழ்ந்தது எனலாம். வாரக் கணக்கில் நீண்ட அவ்வேலையை இன்று ஒரு மாணவரின் மடிக்கணினி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் செய்துவிடும்.

தசைக்குரிய சிக்கல்

நரம்பிழைக்கு எழுதிய சமன்பாடுகளை அப்படியே தசைக்குப் பயன்படுத்த இயலவில்லை. நரம்பிழைச் சவ்வின் மின்தேக்குதிறன் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோபாரடு. தவளையின் தசையிழையிலோ, மேற்பரப்பின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 8 மைக்ரோபாரடு வரை அளக்கப்பட்டது. எல்லா உயிரணுச் சவ்வுகளும் ஏறக்குறைய ஒரே தடிப்புக் கொழுப்புப் படலத்தால் ஆனவை ஆதலால் இவ்வேறுபாடு புதிராக இருந்தது.

விடை தசையிழையின் அமைப்பில் இருந்தது. மேற்பரப்புச் சவ்வு ஆயிரக்கணக்கான இடங்களில் உள்மடிந்து, குறுக்குக் குழல்கள் எனப்படும் நுண்குழல் வலையாக இழையின் மையம் வரை செல்கின்றது. குழல்களின் உட்புறத்தை நிரப்பியிருப்பது இழைக்கு வெளியே உள்ள நீர்மமே. ஹக்ஸ்லியும் ராபர்ட் டெய்லரும் 1950களில் மேற்பரப்பின் மிகச் சிறு புள்ளிகளை மட்டும் நுண்குழாய் கொண்டு தூண்டினர். தவளைத் தசையில் குறிப்பிட்ட சில புள்ளிகளில் மட்டுமே, அவ்விடத்திலிருந்து உள்நோக்கிச் சுருக்கம் தோன்றியது. கட்டளை உட்செல்லும் வாயில்கள் அவையே. 1965இல் லீ பீச்சி மின்னணு நுண்ணோக்கியால் தவளையின் குழல்களை அளந்தார். 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள இழையில் குழல்களின் சவ்வுப் பரப்பு வெளிப்பரப்பைப் போல ஏறத்தாழ 7 மடங்கு. ஆனால் குழல்களின் கொள்ளளவோ இழையின் கொள்ளளவில் ஏறத்தாழ 0.3 விழுக்காடு மட்டுமே. பெரும் பரப்பு, மிகச் சிறு கொள்ளளவு என்னும் இவ்விரு எண்களையும் நினைவில் கொண்டால் கீழே வருவன அனைத்தும் எளிதில் விளங்கும்.

பால் ஃபாட்டும் கெர்ட்ரூட் ஃபால்க்கும் 1964இல் தசையிழைக்கு ஒரு புதிய மின்சுற்றை முன்வைத்தனர். வழக்கமான மின்தேக்கி-மின்தடை இணைக்கு அருகே, ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் தொடராக அமைந்த மற்றொரு கிளை அதில் இருந்தது. இந்த இரண்டாவது கிளை குழல்களைக் குறிக்கின்றது. பின்னர் பீட்டர் கேச்சும் ராபர்ட் ஐசன்பர்க்கும் தசையைக் கிளிசரால் கரைசலில் ஊறவைத்து மீட்டு, குழல்களை மேற்பரப்பிலிருந்து துண்டித்தனர். மின்தேக்குதிறன் ஏறத்தாழ 2 மைக்ரோபாரடு அளவுக்கு வீழ்ந்தது. மேற்பரப்பில் செயல் மின்னழுத்தம் தோன்றியது, தசை சுருங்கவில்லை.

தவளைத் தசையின் மறுவாக்கம்

தசைச் சவ்வில் மின்னழுத்தத்தை நிலைநிறுத்துவது நரம்பிழையில் செய்வதைவிடக் கடினம். தசையிழைக்குள் நீளமான கம்பியைச் செருக இயலாது. ரிச்சர்ட் ஏட்ரியன், நாக்ஸ் சாண்ட்லர், ஹாட்ஜ்கின் ஆகியோர் இழையின் முனைக்கருகே மூன்று நுண்மின்வாய்களைச் செருகும் முறையை வகுத்து, தவளையின் தொடைத்தசை ஒன்றில் சோடியம், பொட்டாசியம் மின்னோட்டங்களை அளந்து 1970இல் வெளியிட்டனர். (ஏட்ரியன், 1932இல் நோபல் பரிசு பெற்ற எட்கர் ஏட்ரியனின் மகன் ஆவார்.)

இவ்வளவீடுகளைக் கொண்டு ஏட்ரியனும் பீச்சியும் 1973இல் தவளைத் தசையின் செயல் மின்னழுத்தத்தைக் கணினியில் மறுவாக்கம் செய்தனர். அவர்கள் இழையின் குறுக்குவெட்டை ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வளையங்களாகப் பிரித்து, மேற்பரப்பிலிருந்து மையம் நோக்கி மின்னோட்டம் குழல்வலை வழியே செல்வதாக எழுதினர். குழல் சவ்விலும் சோடியம் கால்வாய்கள் இருக்க வேண்டும் என்பது இங்கு முதன்மையான கருத்து. அவை இல்லையெனில் மின்னழுத்த மாற்றம் மையத்தை அடையுமுன் தேய்ந்துவிடக்கூடும். லெராய் காஸ்டன்டின் 1970இல் சோடியத்தைக் குறைத்துச் செய்த சோதனைகளும் இதையே காட்டின.

ஒரு சிறு கணக்கு

குழல்களின் கொள்ளளவு சிறிது என்பதன் விளைவை எண்களால் காண்பது பயன் தரும். ஒரு சதுர சென்டிமீட்டர் சவ்வின் மின்தேக்குதிறன் 1 மைக்ரோபாரடு. செயல் மின்னழுத்தத்தின்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 100 மில்லிவோல்ட்டு மாறுகின்றது. அதை மீட்கத் தேவையான மின்னூட்டம் ஒரு கூலோமின் ஒரு கோடியில் ஒரு பங்கு. இதனைப் பாரடே மாறிலியால் (96,485) வகுத்தால், வெளியேற வேண்டிய பொட்டாசியம் ஏறத்தாழ 1 பிக்கோமோல் எனக் கிடைக்கும். பீச்சியின் அளவீடுகளின்படி ஒரு சதுர சென்டிமீட்டர் குழல் சவ்வு சூழ்ந்திருக்கும் நீர்மம் ஒரு கன சென்டிமீட்டரின் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதில் 1 பிக்கோமோல் சேர்ந்தால் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் உயரும். மீட்பு மின்னோட்டத்தின் ஒரு பகுதி மேற்பரப்பு வழியாகச் செல்வதால் உண்மை உயர்வு இதைவிடக் குறைவு. ஒரு மில்லிமோலின் பத்தில் சில பங்குகள் எனக் கொள்ளலாம்.

இழைக்குள் இருக்கும் 150 மில்லிமோலோடு ஒப்பிட்டால் அங்கிருந்து வெளியேறுவது பொருட்படுத்தத் தக்கதன்று. குழலுக்குள் இருப்பதோ வெறும் 4 மில்லிமோல். அது 4.4 ஆனாலே பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் ஏறத்தாழ 2.5 மில்லிவோல்ட்டு மேலேறிவிடும். சேர்ந்த பொட்டாசியம் குழலிலிருந்து வெளியேற ஒரு நொடியின் பத்தில் சில பங்கு நேரம் ஆகின்றது. நொடிக்கு 20 அல்லது 30 செயல் மின்னழுத்தங்கள் வந்தால், முன்னது நீங்குமுன் அடுத்தது வந்து சேரும். தொடர் தூண்டலுக்குப் பின் தசையிழையில் காணப்படும் நீண்ட பின்மின்னழுத்தத்திற்கு இதுவே காரணம் என வால்டர் பிரைகாங்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1964இல் கருத்துரைத்தனர்.

இவ்வளவு பொட்டாசியம் சேர்ந்தும் நலமான தசை ஏன் தானாகத் துடிப்பதில்லை? பாலூட்டிகளின் தசைச் சவ்வில் ஓய்வு நிலைக் கடத்துதிறனின் பெரும்பகுதி, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, குளோரைடுக்கு உரியது. குழலில் சேரும் பொட்டாசியம் சவ்வு மின்னழுத்தத்தை மேலே இழுக்கும்போது குளோரைடு அதைக் கீழே இழுத்துப் பிடிக்கின்றது. மேற்கண்ட 2.5 மில்லிவோல்ட்டு விளைவு இதனால் அரை மில்லிவோல்ட்டு அளவுக்குச் சுருங்குகின்றது.

மயோடோனியாவும் ஆடுகளும்

மயோடோனியா என்பது, தசையைச் சுருக்கியபின் அதை உடனே தளர்த்த இயலாத நிலை. கை குலுக்கியவர் தம் பிடியை விட முடியாமல் சில நொடிகள் தவிப்பார். பிறவியிலேயே வரும் வகையை மருத்துவர் ஜூலியஸ் தாம்சன் 1876இல் விவரித்தார். அந்நோய் அவருக்கும் அவர் குடும்பத்தார் பலருக்கும் இருந்தது. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் பெருகிய ஓர் ஆட்டினத்திற்கும் இந்நோய் உண்டு. திடுக்கிட்டால் அவ்வாடுகள் கால்கள் விறைத்துக் கீழே சாயும். இவற்றை மயங்கி விழும் ஆடுகள் என்று கூறுவது வழக்கமாயினும் அது சரியன்று. அவை நினைவு இழப்பதில்லை.

ஷெர்லி பிரையன்ட் இவ்வாடுகளின் தசையிழைகளை ஆராய்ந்து, அவற்றின் குளோரைடு கடத்துதிறன் மிகக் குறைந்திருப்பதைக் கண்டார். 1974இல் ஏட்ரியனும் பிரையன்டும், இந்த இழைகளில் ஒவ்வொரு செயல் மின்னழுத்தமும் ஒரு சிறு பின்மின்னழுத்தத்தை விட்டுச் செல்வதையும், அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுவதையும் காட்டினர். 1976இல் ஏட்ரியனும் மைக்கேல் மார்ஷலும் இதைக் கணினியில் மறுவாக்கினர். மாதிரியில் குளோரைடு கடத்துதிறனைக் குறைத்து, குழல்களில் பொட்டாசியம் சேர இடமளித்தபோது, தூண்டுதல் நின்ற பின்னும் செயல் மின்னழுத்தங்கள் தொடர்ந்து தோன்றின. நோயாளியின் தசையில் மருத்துவர் கேட்கும் நீண்ட மின் இரைச்சலின் தோற்றம் இதுவே. குளோரைடு கால்வாயின் மரபணு அப்போது கண்டறியப்படவில்லை; தாமஸ் யெஞ்சின் ஆய்வுக்குழு 1991இல்தான் அதைப் பிரித்தெடுத்தது. மனிதரிலும் ஆடுகளிலும் இந்நோய்க்குக் காரணம் அம்மரபணுவின் பிழைகளே என்பது அதன்பின் உறுதியானது. மரபணு கிடைக்குமுன்பே நோயின் பொறிமுறையைச் சரியாகக் கூறிய இந்த மாதிரி, உயிரியலில் கணக்கீடு பெற்ற வெற்றிகளுள் குறிப்பிடத்தக்கது.

காலமுறை வாதம்

சில குடும்பங்களில் இரத்தத்தில் பொட்டாசியம் உயரும்போது, எடுத்துக்காட்டாகக் கடும் பயிற்சிக்குப்பின் ஓய்ந்திருக்கையில், தசைகள் முதலில் விறைத்துப் பின் சில மணி நேரம் செயலற்றுப்போகும். ஒரே நோயில் மிகைத் துடிப்பும் முழு முடக்கமும் எவ்வாறு தோன்றுகின்றன என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. இங்குக் குறைபாடு குளோரைடில் இல்லை. சோடியம் கால்வாயின் மெதுவாக மூடும் கதவில் உள்ளது. அக்கதவு சிற்சில வேளைகளில் மூடத் தவறுகின்றது.

ஸ்டீபன் கேனன், ராபர்ட் பிரவுன், டேவிட் கோரி ஆகியோர் 1993இல் வெளியிட்ட மாதிரி, மேற்பரப்பையும் குறுக்குக் குழலையும் தனித்தனி அறைகளாகக் கொண்டது. நிலைத்த நிலையில் சோடியம் கால்வாய் திறந்திருக்கும் நிகழ்தகவு 0.0075ஐ மீறியதும் மாதிரி இழை, மின்னோட்டத்தால் தூண்டப்பட்டபோது தொடர்ந்து துடித்தது. அதாவது ஆயிரத்தில் ஏழெட்டுக் கால்வாய்கள் மூடத் தவறினாலே மயோடோனியா தோன்றப் போதுமானது. இந்த எண்ணிக்கை இன்னும் சற்று உயர்ந்தால் சவ்வு மின்னழுத்தம் மேலேறி அங்கேயே நின்றுவிடுகின்றது. அந்நிலையில் நலமான சோடியம் கால்வாய்களும் மூடிக்கொள்வதால், எத்தூண்டலும் செயல் மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்காது. நோயாளிக்கு அது வாதம். துடிப்புக்கும் முடக்கத்துக்கும் இடையே இருப்பது நூற்றில் ஓரிரு பங்கு கால்வாய்களின் வேறுபாடு மட்டுமே என்பதை, கணக்கிட்டுப் பாராமல் ஊகித்திருக்க இயலாது. கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு எலித் தசையில் இதே குறைபாட்டைத் தோற்றுவித்தபோதும் மயோடோனியா காணப்பட்டது. குழல்களைத் துண்டித்ததும் அது மறைந்தது.

சோடியம் கால்வாயைத் தடுக்கும் மெக்சிலிட்டின் என்னும் மருந்து மயோடோனியாவின் விறைப்பைக் குறைப்பதாக 2012இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. இது முதலில் இதயத் துடிப்புக் கோளாறுகளுக்குப் பயன்பட்ட மருந்தாகும்.

பொட்டாசியம் குறையும்போது தோன்றும் மற்றொரு வகை வாதம் மேலும் வியப்பானது. வெளியே பொட்டாசியம் குறைந்தால் சவ்வு மின்னழுத்தம் கீழிறங்க வேண்டும், இந்நோயாளிகளிலோ மேலேறுகின்றது. மின்னழுத்தத்தை உணரும் கால்வாய்ப் பகுதியில் ஏற்பட்ட பிழையால், கால்வாயின் வழக்கமான பாதைக்கு வெளியே ஒரு சிறு கசிவு உண்டாகின்றது என்பது 2007இல் தெரியவந்தது. உள்நோக்கிய திருத்திகள் எனப்படும் பொட்டாசியம் கால்வாய்கள், வெளியே பொட்டாசியம் குறையும்போது தாமும் வலுவிழக்கின்றன. கசிவு அப்போது மேலோங்கிவிடும். சமன்பாடுகளில் இது, ஒரே இழைக்கு இரண்டு நிலையான ஓய்வு மின்னழுத்தங்கள் இருப்பதாக வெளிப்படுகின்றது.

தசைச் சோர்வு

நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலிங்காவும் பிறரும் 1999இல் பாலூட்டித் தசைக்கான மாதிரியில் குழல்களின் பொட்டாசிய மாற்றங்களையும் சேர்த்தனர். 2007இல் பால் ஷார்ட்டனும் உடன் பணியாற்றியவர்களும் சவ்வு மின்னியல், கால்சியம் வெளியேற்றம், சுருங்கு புரதங்களின் விசை ஆகியவற்றை ஒரே மாதிரியில் இணைத்துச் சோர்வை ஆராய்ந்தனர்.

உழைக்கும் தசை அமிலத்தன்மை அடைவதே சோர்வுக்குக் காரணம் என்னும் கருத்து பாடநூல்களில் நெடுங்காலமாக உள்ளது. 2004இல் தாமஸ் பெடர்சன் குழுவினர், அமிலத்தன்மை குளோரைடு கடத்துதிறனைக் குறைத்து, பொட்டாசியத்தால் தளர்ந்த இழை மீண்டும் தூண்டப்பட உதவுவதைக் காட்டினர். மயோடோனியாவில் தீங்கு செய்யும் அதே மாற்றம் இங்கு மிதமான அளவில் நன்மை செய்கின்றது. பிரேசர், ஹுவாங், பெடர்சன் ஆகியோரின் 2011ஆம் ஆண்டு மாதிரி இந்த இருமுகத் தன்மையை விரிவாகக் கணக்கிட்டது.

கணக்கிடும் முறை

செயல் மின்னழுத்தம் மனிதத் தசையிழையில் நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகத்தில் செல்கின்றது. அது 3 மில்லிநொடி நீடிப்பதாகக் கொண்டால், எந்நேரத்திலும் இழையின் 12 மில்லிமீட்டர் நீளம் செயல்நிலையில் இருக்கும். எனவே இழையை ஒரு மில்லிமீட்டரைவிட மிகச் சிறிய துண்டுகளாகப் பிரித்து, அடுத்தடுத்த துண்டுகளை மின்தடையால் இணைத்துக் கணக்கிடுகின்றனர். நேரத்தையும் ஒரு மில்லிநொடியின் நூறில் ஒரு பங்கு போன்ற சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும். சோடியம் கதவுகள் மிக விரைவாகவும் பொட்டாசியம் செறிவு மிக மெதுவாகவும் மாறுவதால், எளிய ஆய்லர் முறை பெரிய படிகளில் நிலைகுலைந்துவிடும். கதவுகளுக்கு ரஷ்-லார்சன் முறையும் நீளவாட்டுப் பரவலுக்குக் கிராங்க்-நிக்கல்சன் முறையும் பெரிதும் பயன்படுகின்றன. நரம்பணுக்களுக்காக எழுதப்பட்ட நியூரான் என்னும் கட்டற்ற மென்பொருளிலும் தசையிழையை அமைக்கலாம்.

குறைபாடுகள்

மாதிரிகளில் இடம்பெறும் எண்கள் பல்வேறு விலங்குகளிலிருந்தும் வெப்பநிலைகளிலிருந்தும் திரட்டப்பட்டவை. தவளையில் குளிர்நிலையில் அளந்த வீதங்களை 37 பாகைக்கு மாற்றும்போது ஏற்படும் பிழை சிறிதன்று. மனிதத் தசையிழையில் நேரடியாக எடுத்த அளவீடுகள் குறைவு. குளோரைடு கால்வாய்களில் எத்தனை பங்கு மேற்பரப்பிலும் எத்தனை பங்கு குழல்களிலும் உள்ளன என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கின்றது. விடையைப் பொறுத்து மாதிரியின் நடத்தையும் மாறும். மேலும், பல அளவுருக்களை ஒருசேர மாற்றினால் ஒரே வடிவச் செயல் மின்னழுத்தத்தைப் பல வழிகளில் பெற இயலும். ஆதலால் மாதிரியின் வளைகோடு அளவீட்டோடு பொருந்துவது மட்டுமே அதன் அனுமானங்களுக்குச் சான்றாகாது. அம்மாதிரி, அதை அமைக்கப் பயன்படாத வேறொரு சோதனையின் முடிவையும் முன்கூட்டிச் சொல்கின்றதா என்று பார்க்க வேண்டும்.